ஜாக் டீ

டூலி கெட்டிலைப் போட்டான். பட்டறையில் லாரிகளுக்கு அடியில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர்ந்து வெளியே வந்து, கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். யார் கோப்பை எது, யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதெல்லாம் டூலிக்கு மனப்பாடம். அந்த ராணுவ முகாமில் துப்பாக்கி பிடிப்பதற்கு முன்னால் கற்றுக்கொள்வது அதைத்தான். கெட்டிலைத் தொட்டவன் அங்கே இருக்கிற அத்தனை பேரையும் கேட்க வேண்டும். தனக்கு மட்டும் போட்டுக்கொண்டால் அதற்குப் பெயர் ஜாக் டீ, போட்டவன் ஜாக். தன் வயிறு, தன் தோல் என்று இருப்பவன். அதைவிடக் கெட்ட வசவு அங்கே கிடையாது. தாயைப் பழித்தால்கூடச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எல்லாக் கோப்பையிலும் டீ விழுந்தது. கார்லாவின் நீலக் கோப்பை மட்டும் ஆணியில் தொங்கியது. பனி உருகின காலத்திலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது.

"எனக்கு?" என்றாள் கார்லா.

"பால் தீந்துபோச்சு, கார்ப்பரல்." டூலி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப பாட்டில்ல இருக்கறது என்ன, பெயின்டா?"

யாரோ ஒருவன் சிரிக்கப் போனான். சார்ஜென்ட் ஹாலட் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்ததும் டீயை உறிஞ்சிச் சிரிப்பையும் சேர்த்து விழுங்கிவிட்டான். கார்லா குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எல்லாம் ஜனவரியில் மலைமேல் நடந்த பயிற்சியால் வந்தது. நனைந்த பூட்ஸோடு குழிகளில் கிடந்தார்கள். ஃபிஜித் தீவிலிருந்து வந்து படையில் சேர்ந்த இசிகேலி, "சார்ஜென்ட், எனக்குக் கால் இருக்கறதே தெரியல" என்றான். "எல்லாருக்குந்தாண்டா குளுருது. ஜாக் வேலை காட்டாத" என்றார் ஹாலட். மறுநாளும் சொன்னான். அதே பதில். அதன்பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவனைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

இப்போது அவன் கால்விரல்களில் உணர்ச்சி இல்லை. பாதங்களும் மரத்துக் கிடக்கின்றன. ஓட முடியாதவன் படைக்கு எதற்கு என்று வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். நஷ்டஈடு உண்டா என்பது ஒரே ஒரு கேள்வியில் நின்றது: அவன் சொன்னானா, சொல்லாமல் மறைத்தானா? மறைத்துவிட்டான் என்பது ஹாலட்டின் கட்சி. பக்கத்துக் குழிகளில் கிடந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கு என்று பார்த்துக் காற்று பலமாக அடித்ததாம், காதில் ஒன்றும் விழவில்லையாம். கார்லா மட்டும் விழுந்தது என்றாள்.

வெள்ளிக்கிழமை கேப்டன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார், அதுவே நல்ல சகுனம் இல்லை.

"நாளைக்கு ராணுவ தினம். ஊரே கூடும். திங்கக்கிழமை உன்னை விசாரணையில கேப்பாங்க. காத்து சத்தம், சரியா ஞாபகம் இல்லன்னு சொன்னா அதுல ஒண்ணும் குத்தமில்ல, கார்ப்பரல். உன் பதவி உயர்வும் வருது."

"காத்து அடிச்சுது சார். அவன் சொன்னதும் கேட்டுது."

"இந்தப் படையே ஒரு குடும்பம்மா."

"குடும்பத்துல ஒரு வாய் டீயாவது குடுப்பாங்க சார்."

கேப்டன் பேனாவை மூடினார். அவள் சல்யூட் அடித்துவிட்டு வந்துவிட்டாள்.

அவள் அம்மா மோரீன் கடைத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். கண்ணாடிக்குள் சீருடையில் கார்லாவின் படம், அதன்மேல் ஒரு கொடி, கீழே 'சிப்பாய்களுக்கு டீ இலவசம்' என்று அட்டை. சாயங்காலம் கார்லா போனபோது மோரீன் ஸ்டூலில் ஏறி நின்று கொடித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹாலட் பொண்டாட்டி வந்தா. ரொட்டி வாங்கல. நீ அவ குடியக் கெடுக்கறேன்னு சொல்லிட்டுப் போறா."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? இந்த முகாம்தாண்டி நமக்குச் சோறு போடுது. உங்கப்பனும் இருந்தான் படையில. பிராது குடுத்தானா? சளி புடிச்சதுக்கெல்லாம் ஊரக் கூட்டுனானா?"

"சளி இல்லம்மா. காலு. அவனுக்கு இருவத்திரெண்டு வயசு."

"நீ சும்மா இருந்தா யாரு உன்னக் கேக்கப் போறா?"

"சும்மா இருந்தா நான்தாம்மா ஜாக்."

மோரீன் கயிற்றை முடிச்சுப் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். படையில் இருந்த புருஷனோடு குடித்தனம் நடத்தியவள் அல்லவா.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. பாண்டு முழங்க, படை கடைத்தெரு வழியாக வந்தது. கிழவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நின்றார்கள், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், கைதட்டல் ஓயவில்லை. கார்லாவும் வரிசையில் நடந்தாள். இசிகேலியை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். காலைத் தாங்கித் தாங்கி நடப்பவன் அணிவகுப்பில் நன்றாக இருக்காதாம். அவன் காலுக்குத் துணி ஷூதான் ஆகும். துணி ஷூவுக்குச் சீருடை ஆகாது. பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நின்று அவனும் கைதட்டினான்.

முடிந்ததும் சர்ச் மைதானத்துக் கூடாரத்தில் சிப்பாய்களுக்கு டீ. மோரீனும் ஊர்ப் பெண்களும் பெரிய டீ டிரம்மின் பின்னால் நின்றார்கள். இசிகேலி வரிசையில் வந்து நின்றான்.

"இது சிப்பாய்ங்களுக்கு மட்டும், ராசா" என்றாள் ரிப்பன் குத்திய ஒருத்தி, அன்பாகத்தான். "பொதுஜனத்துக்கு அந்தாண்ட வண்டி நிக்குது பாரு."

"சரிங்கம்மா" என்று அவன் திரும்பினான்.

கார்லா வரிசையை விட்டு வெளியே வந்தாள். இசிகேலியின் கையைப் பிடித்து நேராக டிரம்முக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் மொத்தப் பட்டறையும் காத்திருந்தது, முதல் ஆளாக ஹாலட். அவள் யாரையும் கேட்கவில்லை. இரண்டே கோப்பைகளை எடுத்து நிரப்பினாள்.

"ஜாக்" என்றான் டூலி, வாய்க்குள்ளேயே.

"ஆமாண்டா, ஜாக் டீதான். எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. மலை மேல காது கேக்காதவனுக்கெல்லாம் என் கையால டீ கெடையாது."

"இங்க வேண்டாம், கார்ப்பரல்" என்றார் ஹாலட் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எங்க வேணும் சார்ஜென்ட்? திங்கக்கிழமை வேணுமா? வரேன். அங்கயும் இதையேதான் சொல்லுவேன்."

ஹாலட் தன் கோப்பையை நீட்டினார். மோரீன் டிரம்மின் குழாயை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பையன் குடிச்சு முடிக்கட்டும். நீங்க நில்லுங்க."

வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, கழுத்தில் பதவிச் சங்கிலி போட்ட நகரசபைப் பெரிய மனிதர் உள்ளே வந்தார். சச்சரவு எதுவும் அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

"இந்தத் தம்பி யாரு?"

"இவனும் சிப்பாய்தான் சார்" என்றாள் கார்லா உரக்க.

"அப்படியா! நீங்கள்லாம்தான் தம்பி எங்க பெருமை" என்று அவர் இசிகேலியின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

கோப்பை சாய்ந்தது. கொதிக்கக் கொதிக்க டீ கீழே கொட்டியது. தெறித்த சொட்டுகள் கணுக்காலில் பட்டதும் ஹாலட் "ஸ்ஸ்" என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இசிகேலி நகரவில்லை. பெரிய மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப நன்றிங்க ஐயா" என்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய துணி ஷூ முழுக்க நனைந்து, அதிலிருந்து ஆவி எழுந்தது.

டூலி ஹாலட்டின் காலைப் பார்த்தான். பிறகு இசிகேலியின் காலைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். கார்லா மண்டியிட்டு, சுடுகிற கயிற்றை விரலால் அவிழ்த்து, அவன் ஷூவைக் கழற்றினாள். அப்போதுதான் அவனும் குனிந்து பார்த்தான்.

கூடாரத்துக்கு வெளியே நின்ற ஜனங்களுக்குக் கை குலுக்கியது மட்டும்தான் தெரிந்தது. அவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.