மாப்பிள்ளை வண்டி

"வண்டியை எனக்குத் தாங்கப்பா."

கேட்டுவிட்டேன். கேட்கவே கூடாது என்று அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்த ஒன்று. வளையல் கேள், மிட்டாய் கேள், காலேஜில் சேர்க்கச் சொல்லிக்கூடக் கேள். வண்டியை மட்டும் கேட்காதே. அது உன்னைக் கட்டப்போகிறவனுக்கு.

அப்பா வண்டிக்கு அடியில் கிடந்தார். வெளியே தெரிந்த இரண்டு கால்களும் அப்படியே நின்றுபோயின.

"எந்த வண்டிய?"

"நம்ம வீட்டுல பத்து வண்டியா நிக்கி?"

எண்பத்துநாலாம் மாடல் டொயோட்டா செலிக்கா. சிவப்பு, இரண்டே கதவு. ஷார்ஜாவில் அப்பா மெக்கானிக்காக இருந்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளி ஓட்டி அலுத்த வண்டி. மற்றவர்கள் டி.வி.யும் வி.சி.ஆரும் சுமந்துகொண்டு ஊர் திரும்பிய காலத்தில், என் அப்பா அருமைநாயகம் இதைக் கப்பலில் ஏற்றிக் கொச்சியில் இறக்கினார். பொத்தானை அமுக்கினால் படுத்துக் கிடக்கும் முன்விளக்கு இரண்டும் எழுந்து தவளை மாதிரி முழிக்கும். அதைப் பார்க்கவே தெருப்பிள்ளைகள் எங்கள் வாசலில் கிடப்பார்கள்.

எங்கள் விழிஞ்ஞத்துக் கடல்காற்றுக்கு இரும்பென்றால் பலகாரம். பக்கத்து வீட்டு கேட்டே இரண்டு முறை உதிர்ந்துவிட்டது. செலிக்காவில் மட்டும் ஒரு பொட்டுத் துரு கிடையாது. அப்பா வாராவாரம் அடிப்பக்கத்தைக் கிணற்றுத் தண்ணீரால் அலசித் துடைப்பார். பிளாஸ்டிக் உறை போட்டால் வேர்த்துத் துருப்பிடிக்கும் என்று அம்மாவின் பருத்திச் சேலைகளைத் தைத்து உறை போட்டிருந்தார். அம்மாவுக்குச் சேலை எடுத்தால் முதலில் வண்டிக்குப் பொருந்துமா என்று பார்ப்பார் என்பது எங்கள் வீட்டுச் சிரிப்பு. வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களிடம் எல்லோரும் சென்ட்டு கேட்பார்கள். அப்பா கதவு ரப்பர் கேட்பார், ஃபேன் பெல்ட் கேட்பார். பிச்சைக்கனி மாமா ஒருமுறை பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டே விமானத்தில் வந்து இறங்கினார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பூவாறு வரை ஒரு ஓட்டம். எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டுமாம். அரபு நாட்டு வண்டியானதால் ஸ்டீயரிங் இடது பக்கம். முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட வேண்டுமானால் எதிரே வருவது அப்பாவுக்குத் தெரியாது. வலது சீட்டில் இருக்கிறவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மா அந்த சீட்டில் உட்கார்ந்தால் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாள். அதனால் நான்.

"போலாமா மக்களே?"

"நில்லுங்க, லாரி."

"இப்ப?"

"போங்க!"

நான் சொன்னால் அப்பா வண்டியை எதிர்ப்பக்கம் எடுத்துவிடுவார். கணக்கில் தோற்ற ஆறாம் வகுப்புப் பிள்ளையின் வார்த்தையை நம்பி, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

பிறகு நான் கணக்கிலும் ஜெயித்தேன், எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி வாங்கினேன், கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். லைசென்ஸ் எடுத்த அன்று அப்பா தெருவுக்கே பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

போன ஞாயிறு பிரஜின் வந்தான். எனக்குப் பார்த்திருக்கும் பையன். பேங்க் வேலை, மரியாதையான பேச்சு. பொய் சொல்வானேன், பிடித்துத்தான் இருந்தது. அப்பாவை வலது சீட்டில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.

"வண்டி கொள்ளாம் மாமா, நல்லாத்தான் ஓடுது. ஆனா பெட்ரோல் குடிச்சே கொல்லும். என் கூட்டாளி ஒர்க்‌ஷாப்ல ஒரு டீசல் எஞ்சின் கெடக்கு. இதை எறக்கிட்டு அதை ஏத்திரலாம். ஸ்டீயரிங்கையும் வலது பக்கம் மாத்திரலாம்."

அச்சப்பப் பலகாரத் தட்டோடு நின்ற நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மாப்பிள்ளைக்க இஷ்டம்" என்றார்.

புதன்கிழமை நானே பிரஜினுக்கு போன் பண்ணினேன். எங்கள் வண்டி எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, அதைத் தொடாதே என்றேன். சிரித்தான். "வண்டி காரியமொக்கெ ஆணுங்க பாத்துக்கிடுவோம் ஷிஜா. நீ என்னத்துக்கு இதுல தலையிடுத?"

இன்று சனி. நாளைக்குச் சர்ச்சில் எங்கள் முதல் ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று போதகர் சபை நடுவே வாசித்துவிட்டால், பிறகு பின்வாங்குவது லேசில்லை.

அப்பா வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். நெற்றியில் கிரீஸ்.

"வாக்குக் குடுத்தாச்சு மக்களே. ஊருக்கே இது மாப்பிள்ளை வண்டி."

"டீசல் போட்டு லொடலொடன்னு ஓட்டுனா உங்களுக்குச் சம்மதமா?"

"குடுத்த பொறவு எனக்க சம்மதம் என்னத்துக்கு?" எழுந்து உட்கார்ந்தார். பிறகு ரகசியம் மாதிரி சொன்னார். "எறக்குத எஞ்சினை மட்டும் எடைக்குப் போடாம எனக்குத் தரச் சொல்லலாம்னு இருக்கேன். இங்கனயே ஒரு ஸ்டாண்டு அடிச்சு வச்சுக்கிடுவேன். பேட்டரி குடுத்தா ஸ்டாண்டுல நின்னே ஓடும், கேட்டியா."

"ஞாயித்துக்கெழம பூவாறுக்கு? தலைச்சுமையாவா?"

அப்பா சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் வாய் கோணியபடியே இருந்தது. எனக்கு அந்த வாயைப் பார்க்க முடியவில்லை. மனுஷன் இத்தனை வருஷம் காற்றோடு சண்டை போட்டதெல்லாம் இதற்கா?

"மாப்பிள்ளை இருந்தாத்தானே அப்பா மாப்பிள்ளை வண்டி?"

அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். "ஏட்டி! ஒரு பழைய காருக்காவ நல்ல சம்பந்தத்தக் கெடுப்பியா? உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"காருக்காவ இல்லம்மா. நான் சொன்னதுக்கு அவன் சிரிச்சான்."

"ஆம்பிளைன்னா சிரிக்கத்தான் செய்வான்!"

"அப்பா ஒருநாளும் சிரிச்சதில்ல."

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். "கேட்டுட்டு இருக்கியளே, ஒரு வார்த்தை சொல்லுங்களேன் இவகிட்ட!"

அப்பா விரல் விரலாகக் கிரீஸைத் துடைத்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்.

"சாயங்காலம் ஆச்சுன்னா போதகர் ஆசுபத்திரி ஜெபத்துக்குப் போயிருவாரு. இப்பம் வீட்டுலதான் இருப்பாரு."

அம்மா கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அவளைப் பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம். நான் செருப்பை மாட்டினேன். கேட்டைத் திறந்து சர்ச் ரோட்டில் இறங்கினேன். போதகரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.