முழங்கால் பேட்

என் வீட்டுக்காரர் வீடுகளுக்கு டைல்ஸ் பதிப்பவர். அன்று மாலை மழை ஈரத்தில் பைக் சறுக்கிவிட, நடுரோட்டில் இருபதடி தூரம் இழுபட்டு, நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

முதல் வேலையாக அவருடைய பைக் ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். முழங்கைப் பக்கம் துணி தேய்ந்து போயிருந்தது. அடிபடாமல் இருக்க உள்ளே வைத்திருந்த பேட் அசையவே இல்லை, கையில் ஒரு சிராய்ப்பும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. பைக் ஓட்டுவதற்கென்றே வாங்கிய பேன்ட்டும் கிழியவில்லை. ஆனால் அதைக் கழற்றினால், இரண்டு முழங்காலும் பந்து மாதிரி வீங்கியிருந்தன.

"இதுக்குள்ள முட்டிக்கு இருந்த பேட் எங்க?"

"வேலை நடக்கற வீட்டுல இருக்கு. தரையில முட்டி போட அதான் சுகமா இருக்கு."

"பத்திரமா இருக்கா?"

"ஒரு கீறல் இல்ல," என்றார், பெருமையாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் தையல்காரி. மறுநாளே பேட்களை வரவழைத்து, பேன்ட்டுக்குள் பழைய இடத்தில் வைத்து, அந்தப் பையின் வாயை இரட்டைத் தையல் போட்டு மூடினேன்.

"இனிமே எப்படி எடுக்கறீங்கன்னு பாக்கறேன்."

சாதுவாகத் தலையாட்டினார்.

பத்து நாளில் வீக்கம் வற்றி வேலைக்குக் கிளம்பினார். வாசலிலேயே நிறுத்தி இரண்டு முழங்காலையும் தட்டிப் பார்த்தேன். பேட் இருந்தது, தையலும் பிரியவில்லை. பைக் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, மனசு நிறைந்து உள்ளே வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

நாற்காலிக் கட்டை இடித்தது. நான் போட்டு உட்காரும் மெத்தென்ற குஷனைக் காணோம்.