இரவல் கொடுத்த டாங்கிகள்

எங்கள் படையில் ஒரு வழக்கம் உண்டு. சண்டைக்குத் தகுந்தபடி படைகளைக் கலக்க வேண்டும் என்பார் கர்னல். டாங்கிக் கம்பெனியிலிருந்து நான்கு டாங்கிகளைப் பிய்த்துக் காலாட்படைக்குக் கொடுப்பார்கள். பதிலுக்கு அங்கிருந்து கொஞ்சம் ஆட்கள் இங்கே வருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்த நான்கைக் கொடுப்பது என்று முடிவு செய்வது கேப்டன். தன்னிடம் உள்ளதில் நல்லதைக் கொடுத்த கேப்டனை நான் இதுவரை பார்த்ததில்லை. கழித்துக்கட்ட நினைப்பதைத்தான் கொடுப்பார்கள்.

மொஹாவே பாலைவனத்தில் பயிற்சிக்காக நடந்த போலிச் சண்டைக்கு என் நான்கு டாங்கிகளைக் கொடுத்தார்கள். எங்கள் லெப்டினன்ட் கால் முறிந்து ஊரில் கிடந்ததால், சார்ஜென்ட் ரூடி ஸமாரிப்பாவாகிய என் தலையில்தான் பொறுப்பு. பிரேக் சரியில்லாத டாங்கியை ஓட்ட மாட்டேன் என்று போன மாதம் எங்கள் கேப்டன் ஹோல்கம்பின் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். அவர் அதை மறக்கவில்லை.

"உன்ன நம்பித்தான் அனுப்புறேன் ரூடி. என் பேரக் காப்பாத்து" என்றார் ஹோல்கம்ப்.

"தண்ணி லாரி எங்களோட வருதா கேப்டன்?"

"அதெல்லாம் பிரூயிட் பாத்துப்பான். இனிமே நீங்க அவன் ஆளுங்க."

காலாட்படைக் கேப்டன் பிரூயிட், தானம் வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல எங்கள் டாங்கிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஹோல்கம்ப் அவன் வீட்டுக் குப்பைய என் வாசல்ல கொட்டிட்டான்" என்று தன் ஆட்களிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தண்ணீர் கேட்டேன்.

"என் லாரி என் பசங்களுக்கே பத்தல. உங்க வீட்ல கேளு."

இடது கோடியில், நிழல் என்று ஒரு புதர்கூட இல்லாத சரளை மேட்டில் எங்களை நிறுத்தினார். காலையில் தொடங்க வேண்டிய தாக்குதல் தள்ளிக்கொண்டே போனது. மறுநாள் மதியத்துக்குள் கொண்டுவந்த தண்ணீர் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. ரேடியோவில் ஹோல்கம்பைக் கூப்பிட்டேன்.

"நீ இப்ப பிரூயிட் ஆளு. என்னைக் கூப்பிடாத" என்று துண்டித்தார்.

பிரூயிட்டைக் கூப்பிட்டேன். "நேத்தே சொன்னேன்ல? டாங்கிக்குச் சோறு தண்ணி டாங்கிக்காரன்தான் போடணும்" என்றார்.

யார் சோறு போடுவது என்பதை ஆளை மாற்றும் முன்பே பேசி முடிக்க வேண்டும். அதுதான் விதி. இரண்டு பெரிய மனிதர்களும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தால் ஒருவர் லாரி கொடுக்க வேண்டிவருமே.

"அம்மா வீடும் இல்ல, மாமியார் வீடும் இல்ல. நடுரோட்ல நிக்கிறோம் சார்ஜென்ட்" என்றாள் பீரங்கி சுடும் லொரெட்டா பாஸ்கம்.

டாங்கியின் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்து ஓட்டுபவன் தெவிட்டா ஃபொனோட்டி. இருபது வயதுப் பையன். எல்லோரிடமும் மிச்சமிருந்த ஓரிரு மடக்குத் தண்ணீரைச் சேர்த்து அவனுக்குக் கொடுத்திருந்தேன். திடீரென்று இன்டர்காமில் அவன் குரல் வந்தது.

"சார்ஜென்ட், மழை தூறுது. மூடியச் சாத்தட்டுமா?"

வானத்தில் ஒரு மேகம் இல்லை. இறங்கி ஓடினேன். அவன் தோல் காய்ந்து கொதித்தது, வியர்வை நின்றிருந்தது. இது விளையாட்டில்லை, நிஜம் என்று ரேடியோவில் கத்தினேன். ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. இரண்டு கேப்டன்கள் இருந்தும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாளி தண்ணீர் இல்லை.

மறுநாள் போலிச் சண்டை முடிந்து கூடாரத்தில் கூட்டம். "இதுதான் நவீனப் படை. நினைச்ச நேரத்துல பிரிஞ்சோம், நினைச்ச நேரத்துல சேர்ந்தோம்" என்று கர்னல் பூரித்துப்போனார். பிறகு கேட்டார்: "நிஜமா யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"என் கம்பெனில யாருக்கும் இல்ல சார்" என்றார் ஹோல்கம்ப்.

"என்கிட்டயும் இல்ல சார்" என்றார் பிரூயிட்.

"பிரமாதம்."

கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

"ஃபொனோட்டி, சார்."

"அது யாரு? யாரோட ஆளு?"

இரண்டு கேப்டன்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெட்கம் கொஞ்சமும் இல்லை அந்தப் பார்வையில். "விசாரிச்சுச் சொல்றோம் சார்" என்றார்கள், இரண்டு பேரும் சேர்ந்து. இந்தச் சண்டை முழுவதிலும் அவர்கள் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிழைத்துவிடுவான், சிறுநீரகம்தான் தேறுமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஃபொனோட்டி கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தான்.

"கேப்டன் வந்தாரா சார்ஜென்ட்?"

"எந்தக் கேப்டன்டா?" என்று கேட்டேன்.

அவனுக்கும் தெரியவில்லை.