ஜோடிப் படம்

அனுப்பிரியா இறந்து ஓராண்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மகளை அழைத்து வரச் சிதம்பரம் போனேன். முதல் திதி வரை கனிமொழி என் மாமியார் வீட்டில் இருக்கட்டும் என்பது பேச்சு. மறுநாள் கடலூரில் பள்ளி திறக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு. சீருடை தைத்தாகிவிட்டது.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது தேவசகாயம் கூப்பிட்டான். என்னோடு வேலை பார்ப்பவன், ஞாயிறென்றால் சிதம்பரத்தில் அவன் வீட்டில் இருப்பான்.

"மச்சான்?"

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. எடுக்கிறியான்னு பாத்தேன்." வைத்துவிட்டான்.

வீட்டில் மாமியார் ஜெயராணி என் முகத்தைப் பார்க்காமல் டிவியைக் காட்டினார். உள்ளூர் கேபிள் சேனல். பிறந்தநாள் வாழ்த்து, மஞ்சள் நீராட்டு விழா, நகைக்கடை விளம்பரம், பிறகு நினைவஞ்சலி. அரைமணிக்கு ஒருமுறை அதே வரிசை. மாமனார் திருநாவுக்கரசு எங்கள் கல்யாணப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அனுப்பிரியாவை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறார். வெட்டவில்லை. அவள் பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தது. என் பக்கத்தில் ஒன்று. மேலிருந்து ரோஜா இதழ்கள் விழுந்துகொண்டிருந்தன.

மாமனார் சேனல் நடத்தும் அன்பரசுவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"ஜோடிப் படம் அனுப்புனா ஜோடியாத்தான் சார் போடுவோம். ரெண்டு பேரும் போயிட்டாங்களான்னு எப்புடி சார் கேக்கறது?"

"மாப்ள இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறாருய்யா!"

"அப்ப ரொம்ப சந்தோஷம் சார். எடிட் பண்றவரு ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு கல்யாணத்துல இருக்காரு. வந்ததும் எடுத்துடறோம்."

மாமியார் குரல் தணிந்து வந்தது. "புள்ளய இன்னிக்கி அனுப்ப மாட்டேன் மாப்ள. ஒரு மண்டலம் போவட்டும்."

"படம் தப்பா வந்ததுக்கு நாப்பத்தெட்டு நாளா அத்தை? நாளைக்கு ஸ்கூலு."

"டிவியில போட்டாச்சு. ஊரே பாத்துடுச்சு. எம்பொண்ணு பக்கத்துல உங்களுக்கும் வெளக்கு எரியுது. உங்ககூட இவளயும் பஸ்ஸு ஏத்தச் சொல்றீங்களா?"

"கனி வரேன்னா கூட்டிட்டுப் போறேன்."

"சரி. அவளையே கேளுங்க."

கனிமொழி டிவிக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மடியில் தமிழ்ப் புத்தகம். ஒரு படத்தின் கீழே இருந்த சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"தொ... லைக்... காட்சி. அப்டின்னா என்னப்பா?"

"டிவிதான். தொலைன்னா தூரம். தூரத்துல இருக்கறத இங்கேருந்து பாக்கறது."

"அம்மா தூரத்துலயா இருக்காங்க?"

"ஆமா."

"நீயி?"

அதற்குள் நகைக்கடை விளம்பரம் முடிந்தது. அவள் என் முழங்காலைத் தட்டினாள். "இரு, இப்ப நீ வருவ."

வந்தோம். அவள் கண் சிமிட்டாமல் பார்த்தாள். இதழ்கள் விழுந்து முடிந்ததும் கேட்டேன்.

"கடலூருக்குப் போலாமா கண்ணு? புதுப் பை வாங்கி வெச்சிருக்கேன்."

திரும்பவில்லை. "நீ போப்பா. நான் உன்ன இதுலயே பாத்துக்கறேன்."

மாமியார் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தார். நான் செருப்பை மாட்டினேன்.

தெருமுனையில் மாமனார் ஓர் ஆட்டோவை நிறுத்தினார். பஸ் ஸ்டாண்டு என்றேன். ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார், திரும்பி என் கால்களைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பாமல், வெளியே நின்ற மாமனாரைப் பார்த்தார்.

"நீங்களும் கூட வந்துடுங்களேன் சார்" என்றார்.