ஐந்து மணி நேரத்துக்கு அரை மணி

கல்லங்குறிச்சி சாலையில் லாரியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தபோது பகல் பதினொரு மணி. மாயவன் காலை ஆறு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். வண்டி நிறையச் சுண்ணாம்புக்கல். சாவியை மடியில் செருகிக்கொண்டு இறங்கி, புளியமரத்தடியில் உட்கார்ந்தான். அரை மணி நேரம் கழித்துத்தான் எழுவது என்று முடிவு செய்திருந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தொன்பதில், இதே சாலையில்தான் அவன் கண் அசந்தது. முந்தின நாள் இரவு பத்து மணிக்கு எடுத்த வண்டி. மறுநாள் மாலை நான்கு மணி வரை இறங்கவே இல்லை. ஒரு நொடிதான். புல்லுக்கட்டோடு நடந்து போன ஆண்டாயி என்ற பெண் முன் சக்கரத்தில் மாட்டிக்கொண்டாள். ஓடி வந்தவர்கள் மாயவனைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். அவளுடைய புருஷன் அய்யாக்கண்ணு கல்லால் வாயிலேயே குத்தியதில் முன்பல் நான்கும் போயின.

கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டார்: "அஞ்சு மணி நேரம் ஓட்டினா அரை மணி ஓய்வு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது. சட்டம் இருக்கே, தெரியாதா?"

அப்படி ஒன்று இருப்பதே மாயவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினெட்டு மணி நேரம் ஓட்டச் சொன்ன முதலாளி பாலசுந்தரத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாயவன் எட்டு மாதம் உள்ளே இருந்தான். லைசென்ஸ் திரும்பக் கிடைத்த பிறகும் வேறு யாரும் வண்டி தரவில்லை. பழைய முதலாளியிடமே போய் நின்றான்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பாலசுந்தரத்தின் மச்சான் சின்னதுரை டிரைவரோடு ஜீப்பில் வந்து இறங்கினான். வண்டிகளை விரட்டி ஓட வைப்பதுதான் அவன் வேலை.

"ஏன்டா நிறுத்துன? டயர் போச்சா?"

"இல்லீங்க. அஞ்சு மணி நேரம் ஆச்சு. சட்டப்படி அரை மணி உக்காரணும்."

"சட்டமா? ஒனக்கா?" சின்னதுரை செருப்புக் காலால் அவன் நெஞ்சில் உதைத்தான். "சாவிய எடு, வண்டியக் கிளப்பு."

"பதினொன்னரைக்கு நானே எடுக்கிறேங்க."

சின்னதுரை ஜீப்பிலிருந்து ஜாக்கி ராடை எடுத்து வந்தான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முழங்காலில். எலும்பு நொறுங்கும் சத்தம் மாயவனுக்கே கேட்டது. சுருண்டு விழுந்தான். ஆனால் மடியைப் பிடித்த கையை விடவில்லை. மூன்றாவது அடி அந்தக் கையில். விரல்கள் பிளந்து வேட்டி சிவந்தது.

"கொன்னாலும் சாவி வராதுங்க," என்றான் மாயவன். "நான் ஒருத்திய ஏத்திக் கொன்னவன். இன்னொருத்தரக் கொல்ல மாட்டேன்."

பக்கத்துக் கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த ஆள் மண்வெட்டியோடு வரப்பேறி வந்தான். அய்யாக்கண்ணு. மாயவனுக்கு அந்த முகம் மறக்கவில்லை. இவன் கையால்தான் சாவு என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"எதுக்கு இவன அடிக்கிற?" அய்யாக்கண்ணுவின் குரல்.

"நீ யார்ரா? ஒன் வேலையப் பாரு. வண்டிய நிறுத்திட்டுத் தூங்குறான், அதுக்குத்தான்."

"நிறுத்திட்டுத்தான தூங்குறான்."

சின்னதுரை அவனை நெட்டித் தள்ளிவிட்டு மறுபடியும் ராடை ஓங்கினான். அய்யாக்கண்ணு மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, ஓங்கிய கையின் மேல் இறக்கினான். ராடு தெறித்து விழுந்தது. சின்னதுரையின் மணிக்கட்டு தொங்கியது. அவன் அலறிக்கொண்டு தரையில் புரண்டான். அய்யாக்கண்ணு விடவில்லை. விலாவில் இன்னொரு அடி, தொடையில் இன்னொரு அடி. இரண்டு வருஷமாக உள்ளே கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. ஜீப் டிரைவர் ஓடி வந்து சின்னதுரையை அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தான்.

மாயவன் நொறுங்கிய காலைப் பிடித்தபடி முனகினான். "அன்னைக்கி நான் இப்படி நிறுத்தியிருந்தா..."

"அவ பேர எடுக்காத." அய்யாக்கண்ணுவுக்கு மூச்சு வாங்கியது. "ஒனக்காக அடிக்கல. ஒன்ன மன்னிக்கவும் இல்ல."

திருமானூர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, மாயவனை ஆஸ்பத்திரிக்கென்று தூக்கி ஏற்றிவிட்டவனும் அவன்தான்.

போலீஸ் வரும் என்று ஊரே எதிர்பார்த்தது. வரவில்லை. கேஸ் கொடுத்தால் டிரைவர்கள் ஓட்டிய மணிக்கணக்கும் பழைய கேஸும் கோர்ட்டில் கிளம்பும் என்று வக்கீல் பயமுறுத்தியதில் பாலசுந்தரம் வாயை மூடிக்கொண்டார். மாயவனை வேலையை விட்டு நீக்கினார். ஆனால் அதன் பிறகு அவருடைய டிரைவர்கள் பகலில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்தினால் யாரும் ஜீப்பில் வந்து கேட்பதில்லை.

முழங்கால் எலும்பு கூடுவதற்கே ஆறு மாதம் ஆயிற்று. காலை விந்தியபடி மாயவன் ஒருநாள் அந்தக் கடலைக் கொல்லைக்குப் போனான். அய்யாக்கண்ணு நிமிர்ந்து பார்த்தான்.

"வண்டி ஓட்டுறியா?"

"திருமானூர்ல கரும்பு லாரி. போன வாரந்தான் சேர்ந்தேன்."

"நிறுத்தி நிறுத்தி ஓட்டு. இங்க வராத."

மாயவன் தலையாட்டிவிட்டு ரோட்டுக்கு நடந்தான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.