கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஆட்டத்துக்குக் காற்று உண்டு என்பது வேணியின் கட்சி. எந்த அணி நன்றாக ஆடுகிறது என்று பார்ப்பதை விட, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பாள். எதிரணி அடுத்தடுத்து நாலு கூடை போட்டுவிட்டால் நம் பிள்ளைகளுக்குப் பழகிய பாஸ் மறந்து போகும், கூட்டத்தின் கூச்சல் தலைக்குள் புகுந்துவிடும். அப்போது வீரம் காட்டுகிறேன் என்று ஓடினால் மொத்தமும் போச்சு. காற்று அடங்கும் வரை ஜன்னலைச் சாத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

வேணி திண்டிவனத்தில் ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. அவளுடைய கூடைப்பந்துப் பிள்ளைகள் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போகிற, சித்தாள் வேலைக்குப் போகிற வீடுகளிலிருந்து வந்தவர்கள். விழுப்புரத்துப் பெரிய பள்ளிப் பிள்ளைகளின் உயரம் இவர்களுக்குக் கிடையாது. களைத்தால் மாற்றிவிட நல்ல ஆளும் கிடையாது. இருப்பதை வைத்து ஜெயிக்க வேண்டுமென்றால் காற்றைப் படிக்கத் தெரிய வேண்டும், வேறு வழியில்லை.

ஜன்னலைச் சாத்த அவள் நிறையச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பந்தை அவசரமில்லாமல் கை மாற்றிக்கொண்டே இருப்பது, ஷூ லேஸ் அவிழ்ந்ததாகக் குனிவது, டைம் அவுட் கேட்பது. எல்லாம் தீர்ந்த பிறகு ஒன்று பாக்கியிருக்கும். வேணி தன் தோளில் கிடக்கும் துண்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றுவாள். உடனே அன்புச்செல்வி விழுவாள்.

என்னமாய் விழுவாள்! முழங்காலைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, கண்ணோரத்தில் சொட்டுத் தண்ணீர் கூட வரவழைத்துவிடுவாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். எதிரணிப் பிள்ளைகள் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள், உடம்பு ஆறிப் போகும். கோட்டைத் தாண்டி யாராவது உள்ளே வந்து அவளைத் தொட்டுவிட்டால், விதிப்படி அவள் வெளியே போய்விட வேண்டும். அதனால் யாரும் போகக் கூடாது. வேணி இரண்டு விரலைக் காட்டியதும் அவளாகவே எழுந்து, கொஞ்ச தூரம் நொண்டிவிட்டு ஆடத் தொடங்குவாள். நொண்டுவது வரைக்கும் பயிற்சிதான். ஏமாற்று வேலை என்று வேணிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உயரமாகப் பிறந்தவர்களும் காசுள்ளவர்களும் பேசுகிற நேர்மை தனக்குக் கட்டுப்படியாகாது என்று நினைத்தாள்.

முதல் தடவை இதைப் பார்த்த அன்று அன்புவின் அம்மா அம்சா, செருப்பைக் கூட விட்டுவிட்டு மைதானத்துக்குள் ஓடப் பார்த்தாள். வேணிதான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"அக்கா, ஒண்ணும் இல்ல. சும்மா உழுந்திருக்கா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"சும்மாவா? எனுக்கு உசுரே போயிடுச்சு மிஸ்ஸு!" அம்சா மார்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். "கேடி. வூட்ல கூட இப்படித்தான், தண்ணி எடுக்கச் சொன்னா கால் நோவுதும்பா."

அதன் பிறகு மகள் விழும்போதெல்லாம் அம்சா பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொள்வாள்.

இந்த வருஷ இறுதி ஆட்டம் விழுப்புரத்தில் நடந்தது. கோப்பையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அரசு விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வந்தவர்கள் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இடம் கிடைத்துவிட்டால் அன்புவுக்குச் சாப்பாடு, படிப்பு, ஆட்டம் எல்லாவற்றுக்கும் வழி பிறந்துவிடும். இல்லாவிட்டால் பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் கம்பெனி வேலைக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. அம்சா அன்றைய கூலியை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்திருந்தாள்.

பாதி ஆட்டம் வரை காற்று திண்டிவனத்துப் பக்கம்தான். அன்பு தொட்டதெல்லாம் கூடைக்குள் போனது. மேடையில் ஒருவர் குனிந்து இன்னொருவர் காதில் ஏதோ சொன்னதை வேணி பார்த்தாள், வயிறு குளிர்ந்தது. கடைசிக் குவார்ட்டரில் எல்லாம் தலைகீழானது. விழுப்புரத்துக்காரிகள் போட்டார்கள், மறுபடி போட்டார்கள். சொந்த ஊர்க் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. வேணியிடம் டைம் அவுட் மீதியில்லை. நாலு பாயிண்ட்தான் முன்னிலை, அதுவும் கரைந்துகொண்டிருந்தது.

துண்டை மாற்ற வேண்டும் என்று கையை எடுத்தாள். எடுத்த கை தோளைத் தொடுவதற்குள், வளையத்தில் பட்டுத் தெறித்த ரீபவுண்டுப் பந்துக்கு எகிறிய அன்பு விழுந்துவிட்டாள்.

பந்து வெளியே உருண்டது. நடுவர் விசில் அடித்தார். அன்பு முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

வேணிக்குப் புல்லரித்தது. நான் சொல்வதற்கு முன்னாலேயே இவளுக்குக் காற்று தெரிந்துவிட்டதே என்று நினைத்தாள். பெருமையாக இருந்தது. கோட்டுக்கு ஒரு அடி இந்தப் பக்கம் நின்றுகொண்டு, உள்ளே போகப் பார்த்த ஒரு பிள்ளையைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யாரும் போகாதீங்கடி. தொட்டா வெளிய வரணும்."

கூட்டத்தில் அம்சா பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது தெரிந்தது.

அன்பு தலையைத் தூக்கினாள். கூட்டம், நடுவர், மேடை எதையும் பார்க்கவில்லை. நேராக வேணியைப் பார்த்தாள். வேணி இரண்டு விரலைக் காட்டினாள். அன்பு உடனே எழவில்லை. கையை ஊன்றினாள், சரிந்தாள், மறுபடி ஊன்றினாள். கொஞ்சம் அதிகமாக நடிக்கிறாளே, நடுவருக்குச் சந்தேகம் வந்துவிடப் போகிறது என்று வேணிக்குக் கவலை வந்தது. "ஜல்தி, ஜல்தி" என்று வாய்க்குள் சொன்னாள். அன்பு எழுந்துவிட்டாள்.

விழுப்புரத்துக்காரிகளின் சூடு ஆறிவிட்டது. அடுத்த இரண்டு பந்தும் வளையத்தில் பட்டுத் திரும்பின. அன்பு நொண்டிக்கொண்டே ஓடினாள், நொண்டிக்கொண்டே ஒரு கூடை போட்டாள். கடைசி விசில் அடித்தபோது திண்டிவனம் ஜெயித்திருந்தது.

பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். அன்பு மட்டும் கூடைக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள். வேணி சிரித்துக்கொண்டே போனாள்.

"போதும்டி உன் நடிப்பு. ஆட்டம் முடிஞ்சிருச்சு, வா."

"கால் வைக்க முடியல மிஸ்."

முழங்கால் அதற்குள் வீங்கிப் போயிருந்தது. வேணியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, அதை எப்படி எடுப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தவர் அன்புவின் பேரையும் அப்பா பேரையும் கேட்க வந்தவர்தான். காலைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

மறுநாள் ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் கோபப்படக் கூட இல்லை. விழுந்தபோது ஜவ்வு லேசாகத்தான் கிழிந்திருக்கும், அதன் பிறகு ஓடியதில்தான் முழுதாகப் போயிருக்கிறது என்றார். ஆபரேஷன் வேண்டும், வருஷம் ஒன்று ஆகும், பழையபடி எகிற முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது. "விழுந்ததும் யாரும் தூக்கலையா?" என்று வேணியைக் கேட்டார். வேணி படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

வெளியே பெஞ்சில் அம்சா உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று வேணி எதிர்பார்த்தாள். அப்படித் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக் கூட இருந்திருக்கும்.

"நானும் சிரிச்சுக்கினுதான மிஸ்ஸு ஒக்காந்திருந்தேன்," என்றாள் அம்சா. "பெத்தவ. பக்கத்துல இருந்தவகிட்ட, பாரு எம் பொண்ணு எப்படி நடிக்கிறான்னு சொல்லிக்கினு இருந்தேன்."

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். வேணி பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்சா விலகவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வார்டில் அன்பு சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். வேணியைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். வேணி அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்டாள்.

"வலிச்சிருக்குமே அன்பு. ஏன் எழுந்த?"

"வலிச்சுது மிஸ். உள்ள என்னமோ 'டப்'புன்னுச்சு. பயந்துக்கினு உங்களப் பாத்தேன்." அன்பு யோசித்துச் சொன்னாள், கணக்கை வாத்தியாரிடம் ஒப்பிக்கிற மாதிரி. "நீங்க வரல. எதுனா ஆயிருந்தா வந்திருப்பீங்க இல்ல? அப்ப ஒண்ணும் இல்ல, நான்தான் பழக்க தோசத்துல நடிக்கிறேன்னு நெனச்சு எழுந்துட்டேன்."

பெண்ணின் முகத்தில் குற்றம் சொல்லும் பாவனை கொஞ்சமும் இல்லை. அதைத்தான் வேணியால் தாங்க முடியவில்லை. துண்டு அப்போதும் தோளில் கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஹாஸ்டலுக்கு எப்ப மிஸ் போணும்?"

சீக்கிரம் சரியாகிவிடும், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம். அன்பு நம்புவாள். வேணி எதைச் சொன்னாலும் நம்புவாள். வேணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"இந்த வருஷம் போக முடியாது அன்பு. அடுத்த வருஷமும் தெரியாது. நேத்தே நான் உள்ள வந்திருக்கணும்."

அன்பு அவளையே பார்த்தாள். மைதானத்தில் விழுந்து கிடந்தபோது பார்த்ததைப் போலவே பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.