பதினாலாவது ஆள்

ஐங்கரனுக்கு நான் மனைவி. சப்பல் பதின்மூன்று கழகத்துக்கு நான் தொண்டை.

ரக்பி பதின்மூன்று என்றால் பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். ஒருத்தன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் பிடித்து அமுக்குவார்கள். அமுக்கியதும் நடுவர் "தெனு!" என்பார். பிரெஞ்சில் பிடிபட்டாச்சு என்று அர்த்தம். உடனே விட வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. என் மனுசனுக்கு விடத்தான் வராது. ஊரில் கபடி விளையாடியவர். பிடித்தவனை மூச்சு அறும்வரை விடாமல் பழகிய கை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிடித்தால், நடுவர் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது.

2009இல் கழகத்தைத் தொடங்கியவர் தியரி. புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை. லா சப்பல் தமிழ்க் கடைகளிலும் சாப்பாட்டுக்கடைக் குசினிகளிலும் நுழைந்து ஆள் சேர்த்தார். முதல் வருடம் எல்லாவற்றுக்கும் கீழான பிரிவு, அதிலும் கடைசி இடம். பாதித் தோல்விக்கு என் மனுசனுடைய பிடிதான் காரணம். ஒருநாள் சாப்பாட்டுப் பார்சலோடு லெ பிளாங்-மெனில் மைதானத்துக்குப் போனேன். எவனோ ஒரு செம்பட்டைத் தலையன் இவருடைய கைக்குள் முழி பிதுங்கிக் கிடந்தான். எல்லாரும் ஏசினார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"விடுங்கோ!" என்று கத்தினேன். விட்டுவிட்டார்.

விடாமல் என்ன செய்வார்? மரக்கறிக்கடையில் மல்லுக்கு நின்றாலும், தமையனோடு டெலிபோனில் பழங்கதை கிண்டினாலும், நான் சொல்லும் ஒரே சொல் அதுதான். அன்றிலிருந்து தியரி என்னைக் கோட்டோரம் நிறுத்திவிட்டார். நடுவர் "தெனு" என்றால் நான் "விடுங்கோ" என்பேன். இரண்டு வருடத்தில் இரண்டு பிரிவு ஏறினோம். என்னைப் 'பதினாலாவது ஆள்' என்று பகிடி பண்ணினார்கள். எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேணும்?

2013 மே மாதம், மூன்றாவது தடவை ஏறுவதற்குக் கடைசி ஆட்டம். அதற்கு முந்தின ஆட்டத்துக்குக் காய்ச்சலால் நான் போகவில்லை. இவரை வெளியேற்றிவிட்டார்கள். இன்னொரு தடவை பிடித்து வைத்திருந்தால் ஒரு வருடத் தடை என்று கடிதமும் வந்தது. கிழமையில் ஆறு நாள் குனிந்து சட்டி கழுவுகிற மனுசன், ஞாயிறு மட்டும்தான் நிமிர்ந்து நடப்பார். அந்த ஞாயிறையும் பறித்தால் என்ன செய்வார்? மூன்று நாள் கொத்தமல்லித் தண்ணி குடித்துத் தொண்டையைக் காத்தேன். நித்திரை மட்டும் வரவில்லை.

ஆட்டம் முழுக்க நான் பந்தைப் பார்க்கவே இல்லை, நடுவரின் வாயைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு "தெனு"வுக்கும் கத்தினேன், ஒவ்வொரு தடவையும் இவர் விட்டார். பதினெட்டு–பதினாறு, நாங்கள்தான் முன்னுக்கு. இரண்டு நிமிடம் மிச்சம். அப்போது அவர்களுடைய ஆள் ஒருவன், மலை மாதிரி உடம்பு, மூலையை நோக்கி ஓடி வந்தான். எல்லைக் கோட்டுக்கு ஐந்தடி முன்னால் இவர் இடுப்பில் பிடித்தார். அவன் விழவில்லை, நின்றபடியே திமிறினான். சனம் போட்ட கூச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடுவரின் கை முகத்துக்குப் போனது. ஐயோ, விசில் ஊதப் போகிறார், தடை வரப் போகிறது.

"விடுங்கோ!"

இவர் கையை விரித்துவிட்டார்.

நடுவர் மூக்கைத் துடைக்கத்தான் கையைத் தூக்கியிருக்கிறார். அவர் "தெனு" சொல்லவே இல்லை. அந்த மலை ஒரு கணம் நம்பாமல் நின்றுவிட்டு, இரண்டெட்டு வைத்துப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தது. அதற்கு நாலு புள்ளி. பதினெட்டு–இருபது. அவ்வளவுதான், முடிந்தது.

தியரி ஓடி வந்தார், கண்ணெல்லாம் தண்ணீர். "ஏம்பா விட்ட? நீயா விடவே மாட்டியே!"

எல்லாரும் இவரைச் சுற்றி நின்றார்கள். நான் போட்ட சத்தம் அந்த இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. இவர் என்னை ஒருதரம் பார்த்தார்.

"கை வழுக்கிப் போட்டுது."

வழுக்கினதாம்! 'என் பிடியிலிருந்து ஒருத்தனும் தப்பினதில்லை' என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்ன மனுசன். பெருமைப்பட்டுக்கொள்ள அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

"தியரி, அது நான்தான்..." என்று வாயெடுத்தேன்.

இவர் என் கையைப் பிடித்து அமத்தினார். "விடும், யோகராணி."

அடுத்த வருடம் ஏறிவிட்டோம். ஆனாலும் லா சப்பலில் இவர் சாமான் பையோடு நடந்தால், "அண்ணை, கவனம், கை வழுக்கப் போகுது!" என்று எவனாவது பகிடி விடுவான். இவரும் சேர்ந்து சிரிப்பார். பக்கத்தில் நடக்கும் எனக்கு அழுகை வரும்.